கோடு போடுவதற்கு முன்

(புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் குடியிருப்போர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புதுச்சேரியில் நடப்பவர்களுக்கென்றே ஒரு சாலை இருக்கிறது. கடற்கரைச் சாலை. தினமும் மாலை ஆறு மணிக்குத் தடுப்பை இழுத்துப் போட்டுவிடுகிறார்கள். மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. நடுரோட்டில் பிள்ளைகள் ஓடுகிறார்கள். மூட்டுவலிக்காரர்கள் பின்னால் ஹாரன் கேட்குமோ என்ற பயமில்லாமல் நடக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, நம் ஊரில் இப்படி ஒன்று இல்லையே என்று ஏங்கிப் போகிறார்கள். நல்ல ஏற்பாடு. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அங்கிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வந்தால் நம் மேட்டுப்பாளையம். தொழிற்பேட்டை, டிரக் டெர்மினல், அவற்றைச் சுற்றி நகர்களும் குடியிருப்புகளும். ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஒரு கம்பெனி வாசலில் நின்று பாருங்கள். சாப்பாட்டுப் பையைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் சைக்கிளில் வெளியே வருகிறார். சாலையோரத்தில் ஒரு லாரி, பாதி தாரிலும் பாதி மண்ணிலுமாக நிற்கிறது. அதைச் சுற்றிப் போக வேண்டுமென்றால் நடுரோட்டுக்கு வர வேண்டும். எதிரே இன்னொரு லாரி வருகிறது. அவர் இறங்கிவிடுகிறார். லாரிக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார். அங்கே ஒரு சிலாப் உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. புடவை மாட்டாமல் ஒரு கையால் பிடித்துக்கொள்கிறார். முன் சக்கரத்தைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கிறார், பிறகு பின் சக்கரத்தை. ஏறி மிதிக்கிறார். நாளைக்கும் இதையேதான் செய்வார்.

எந்த சிலாப் ஆடும், மழை பெய்தால் எந்தக் குழி தண்ணீருக்கடியில் மறையும், எந்தத் திருப்பத்தில் லாரி ரிவர்ஸ் எடுக்கும், எந்தக் கம்பத்தில் விளக்கு எரியாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எந்த அலுவலகக் கோப்பிலும் இந்த விவரம் இருக்காது. ஆனால் இந்தச் சாலைக்கு மறுபடியும் தார் போடும் காலம் வரும்போது அவரிடம் யாராவது கேட்பார்களா? அந்த ஒரு கேள்வியைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டேன். தெருவை மாற்றுவதென்றால் யாரைக் கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும்?

நம் ஊரில் தெருப் போடுகிற முறை உங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இளநிலைப் பொறியாளர், அதாவது ஜே.இ., வந்து அளவெடுக்கிறார். எஸ்டிமேட் தயாராகிறது. டெண்டர் விடுகிறார்கள். கடைசியில் ஒரு நல்ல நாளில் பூமி பூஜை. பந்தல் போட்டு, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, தெருக்காரர்களையும் கூப்பிட்டு நிற்க வைக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு அம்மா, “வாய்க்காலை இவ்வளவு உசரத்துல வச்சா மழைத்தண்ணி எங்க வாசல்லதானே நிக்கும்?” என்று கேட்டால், “எஸ்டிமேட் போட்டாச்சும்மா” என்று பதில் வருகிறது. கூப்பிட்டது உண்மை. ஆனால் கேட்கவேண்டிய வேளை போய்ப் பல மாதம் ஆகிவிட்டது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு வீட்டு வாசல்களெல்லாம் பள்ளத்தில் கிடக்கிற தெருக்கள் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் எத்தனை! எஸ்டிமேட் எழுதும் முன் அந்தத் தெருவில் ஐந்து பேரைக் கேட்டிருந்தால் இதில் பாதி நேர்ந்திருக்காது.

கேட்க வேண்டியவர் யார் என்ற கேள்விக்குச் சட்டம் ஒரு பதில் வைத்திருக்கிறது: வார்டு கவுன்சிலர். இங்கேதான் புதுச்சேரிக்கென்றே ஒரு பெரிய குறை இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1880லேயே இங்கே நகராட்சிகளை ஏற்படுத்தித் தேர்தல் நடத்தியவர்கள். அவ்வளவு பழைய வழக்கம் உள்ள ஊர். ஆனால் 1968ல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு அடுத்தது 2006ல்தான் நடந்தது. 38 ஆண்டுகள்! அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011ல் முடிந்தது. 2021ல் அடுத்த தேர்தலுக்குத் தேதி அறிவித்தார்கள், அதுவும் நின்றுபோனது. அரசியல் சாசனத்தின் 74ஆவது திருத்தம் 1993லேயே நடைமுறைக்கு வந்தது. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகராட்சிகளில் வார்டு குழுக்கள் அமைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி நம் உழவர்கரை நகராட்சி அந்த மூன்று லட்சத்தைத் தொட்டு நிற்கிறது. சட்டப் புத்தகத்தில் நமக்கொரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார ஆள்தான் இல்லை.

இதனால் என்ன ஆகிறது? உடைந்த சிலாப்புக்கும் எம்.எல்.ஏ.விடம்தான் போக வேண்டியிருக்கிறது. அவர் ஒருவர், தொகுதி பெரியது. போகத் தெரிந்தவர்கள் போகிறார்கள். கார் வைத்திருப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், கட்சியில் ஆள் உள்ளவர்கள். சைக்கிள் தள்ளிக்கொண்டு போகும் அந்தப் பெண் போவதில்லை. ஷிப்ட் முடிந்து வீடு சேரவே இருட்டிவிடுகிறது. ஆகவே உள்ளாட்சித் தேர்தல் வேண்டும் என்று கேட்பது அரசியல்வாதிகளின் தனிக் கவலை என்று நினைக்காதீர்கள். உங்கள் வாசல் நடைபாதையும் அதில்தான் தொங்குகிறது. தேர்தல் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. கேட்கும் வேலையை நாமே தொடங்கலாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இந்த ஊருக்குள்ளேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. தமிழர் பகுதியில் வைசியாள் வீதி, அதாவது கால்வே சுப்பராய செட்டி வீதி. பழைய தமிழ் வீடுகளில் திண்ணையைத் தாண்டித் தெருப் பக்கமாக ஒரு தாழ்வாரம் இருக்கும், மரத்தூண்களில் சாய்கூரை இறக்கியது. வீட்டுக்காரர் தம் வீட்டுக்கு முன்னால் கட்டியதுதான், ஆனால் வெயிலிலும் மழையிலும் தெருவில் போகிறவர் ஒதுங்கவும் உட்காரவும் அது இடம் தந்தது. நடப்பவருக்கு நிழல் வேண்டும் என்பதை நம் முன்னோர் வீட்டுக் கட்டுமானத்திலேயே ஒரு கடமையாக வைத்திருந்தார்கள். பின்னாளில் அந்தத் தாழ்வாரங்கள் ஒவ்வொன்றாக இடிந்தன. 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின் கீழ், இத்தாலியின் உர்பீனோ, பிரான்சின் வில்நவ்-சூர்-லோ ஆகிய ஊர்களோடு சேர்ந்து புதுச்சேரி ஒரு பணியை எடுத்துக்கொண்டது. மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு முன்னின்று அந்த வீதியில் வரிசையாக வீட்டு முகப்புகளை மீட்டது. 2008ல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது.

விருதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த வேலை வீட்டுக்காரர்களின் சம்மதமில்லாமல் ஒரு தூணைக்கூட நட முடியாத வேலை. முகப்பு அவர்களுடையது. செலவில் ஒரு பங்கை அவர்களும் ஏற்றார்கள். அதனால் வாசல்வாசலாகப் போய்ப் பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. பேசினால் வேலை நடக்காது என்பவர்களுக்கு வைசியாள் வீதியைக் காட்டலாம். பேசியதால்தான் அங்கே வேலை நடந்தது. ஆனால் ஒன்று. அது மரபுள்ள வீதி, சுற்றுலாப் பயணி வந்து படம் எடுக்கும் வீதி. வெளிநாட்டுப் பணமும் வல்லுநர் கவனமும் அதற்குத் தானாக வரும். மேட்டுப்பாளையத்துக்கு வராது. இங்கே நாம்தான் கூப்பிட வேண்டும்.

கேட்காமல் போட்ட கோடும் இதே ஊரில் உண்டு. புதுச்சேரியின் நேர் நேரான வீதிகளைப் பார்த்து எல்லாரும் பிரெஞ்சுக்காரர்களைப் புகழ்கிறோம். அந்தக் கட்டம் கட்டமான வரைபடத்தை முதலில் போட்டவர்கள் டச்சுக்காரர்கள். 1693ல் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்தார்கள். அந்த ஆறு வருஷத்தில் போட்ட கோட்டின் மேல்தான் இன்றும் நகரம் நிற்கிறது. ஒரு காலனிக் கம்பெனி, பிடித்த ஊரின் மேல் அளவுகோலை வைத்து இழுத்த கோடு. யாரையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்த டச்சுக்காரர்களின் நாட்டிலேயே, ஏறக்குறைய 280 ஆண்டுகள் கழித்து என்ன நடந்தது என்று பாருங்கள். 1971ல் நெதர்லாந்தில் சாலை விபத்துகளில் மூவாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் அதிகமானோர் குழந்தைகள். அது அன்று கார் பெருகிக்கொண்டிருந்த நாடு. சைக்கிளை ஒழித்துக்கட்டிச் சாலையை அகலமாக்குவதுதான் முன்னேற்றம் என்று அங்கேயும் நினைத்தார்கள். மகளை விபத்தில் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 1972ல் ஒரு கட்டுரை எழுதினார். குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்ற பெயரில் பெற்றோர்கள் ஓர் இயக்கமாகத் திரண்டார்கள். தெருவை மறித்துப் பிள்ளைகளை விளையாட விட்டார்கள். டெல்ஃப்ட் என்ற சிறு நகரில் யோஸ்ட் வால் என்ற நகராட்சிப் பொறியாளர், குடியிருப்புத் தெருக்களில் வண்டி தானாகவே மெதுவாகப் போகும்படி வளைவும் மரமும் மேடும் வைத்துப் பார்த்தார். தெருக்காரர்களோடு சேர்ந்து செய்த வேலை அது. 1976ல் அப்படிப்பட்ட தெருக்களுக்கென்று அரசே தனி விதி கொண்டுவந்தது. இன்று நெதர்லாந்தின் சைக்கிள் பாதைகளைப் படத்தில் பார்த்துவிட்டு, அது பணக்கார நாடு, நமக்கு ஆகாது என்கிறோம். பணம் பிறகு வந்தது. முதலில் வந்தவர்கள் தெருவில் உட்கார்ந்த தாய்மார்கள்.

நம் நாட்டுக் கணக்கையும் சொல்ல வேண்டும். 2022ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். நாளொன்றுக்குத் தொண்ணூறு பேர், எந்த வண்டியிலும் ஏறாமல், வெறுமனே நடந்து போனதற்காகச் செத்திருக்கிறார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நல்ல நடைபாதையில் நடப்பது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று சொன்னது. நடைபாதை என்பது அழகுபடுத்தும் வேலை இல்லை, உயிர் காக்கும் வேலை.

சரி, நிபுணர்கள் நல்ல வரைபடம் போட்டால் போதாதா, மக்களை எதற்கு இழுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு டெல்லியில் நடந்ததைச் சொல்கிறேன். அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்கு, பேருந்துக்குத் தனிப் பாதை, சைக்கிளுக்குத் தனிப் பாதை, நடப்பவருக்கு நல்ல நடைபாதை என்று 2008ல் ஒரு சாலையைத் திறந்தார்கள். காகிதத்தில் நியாயமான திட்டம். பேருந்தில் போகிறவர்களும் சைக்கிளில் போகிறவர்களும்தான் எண்ணிக்கையில் அதிகம், அவர்களுக்கு நேரம் மிச்சமானது. கார்க்காரர்களுக்கு இடம் குறைந்தது. முதல் நாளிலிருந்தே பத்திரிகைகளில் ஒரே கூச்சல். வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2012ல் நீதிமன்றம் அந்தப் பாதையை எடுக்க மறுத்துவிட்டது. நீதிமன்றமே காப்பாற்றிய சாலையை 2016ல் அரசாங்கம் இடித்துப் போட்டது.

ஏன் இடிந்தது? என் கருத்தைச் சொல்கிறேன். அந்தச் சாலையால் பயனடைந்த தொழிலாளியும் காவலாளியும் வீட்டுவேலை செய்யும் பெண்ணும் அது தங்களுக்காகப் போட்டது என்று அறிந்திருந்தார்களா? வரைபடம் போடும்போது அவர்களை யாரும் ஒரு மேசைக்கு அழைக்கவில்லை. இடிக்க வந்தபோது அதைக் காக்க அவர்கள் தெருவுக்கு வரவும் இல்லை. கேட்காமல் கொடுத்த நன்மைக்குக் காவல் கிடையாது. மக்கள் பங்கேற்பு என்பதை நான் மரியாதைக்காகச் செய்யும் சடங்காகப் பார்க்காததற்குக் காரணம் இதுதான். கட்டிய பாதை நிலைப்பதற்கு அது ஓர் அஸ்திவாரம்.

சென்னையையும் பார்த்துவிடுவோம். 2014ல் சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்று ஒரு கொள்கையே ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதம் அதற்குப் போக வேண்டும் என்றார்கள். இந்தியாவில் வேறு பெரிய நகரங்கள் இப்படியொரு கொள்கையை ஏற்கும் முன்பே செய்த காரியம். அந்த வழியில்தான் பாண்டி பஜார் தியாகராய சாலையின் அகன்ற நடைபாதை 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. அதற்கு முன் சாலையை மூடிச் சோதனை ஓட்டம் நடத்திப் பார்த்தார்கள். கடைக்காரர்களும் வாங்க வந்தவர்களும் மாற்றத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்ல முடிந்தது. இந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும். வரைபடத்தைக் காட்டினால் பத்துப் பேருக்குப் புரியும், தெருவையே காட்டினால் எல்லாருக்கும் புரியும்.

ஆனால் அதே பாண்டி பஜாரில் பல பத்தாண்டுகளாக நடைபாதையில் வளையலும் ரிப்பனும் செருப்பும் விற்றவர்கள் முன்னரே அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றப்பட்டுவிட்டார்கள். அழகான அந்த நடைபாதை வந்தபோது அவர்கள் அங்கே இல்லை. நடப்பவர்களுக்காகத் தெருவை மாற்றுகிறோம் என்கிறபோது, தெருவில் பிழைப்பவர்களைத் துரத்திவிட்டு மாற்றுவது நியாயமில்லை. 2014ன் தெரு வியாபாரிகள் சட்டம், ஊர்தோறும் ஒரு வியாபாரக் குழு வேண்டும், அதில் 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. நம் காந்தி வீதியின் ஞாயிறு சந்தையைப் பாருங்கள். எந்த நிபுணரும் வரையாமல், வாரத்தில் ஒரு நாள் முழு வீதியும் நடப்பவர்கள் கைக்கு வந்துவிடுகிறது. கொண்டுவந்தவர்கள் அந்த வியாபாரிகள்தான்.

இங்கே யார் குடியிருப்போர் என்ற கேள்வி வருகிறது. வீட்டுப் பத்திரமும் வரி ரசீதும் வைத்திருப்பவர் மட்டும்தான் என்றால் மேட்டுப்பாளையத்தில் பாதிப் பேர் வெளியே போய்விடுவார்கள். டெர்மினலில் இரவெல்லாம் லாரியில் படுத்து எழுகிற டிரைவர், கிளீனர். பஞ்சர் கடைக்காரர், மெக்கானிக் பையன்கள், டீக்கடை அக்கா. தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டித் தினமும் சைக்கிள் மிதித்து வருகிற கிராமத்துத் தொழிலாளர்கள். ஒரே அறையில் ஆறேழு பேராகத் தங்கியிருக்கும் வடமாநிலத்துத் தொழிலாளிகள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஓட்டு இங்கே இல்லை. ஆனால் கம்பெனிக்கு நடந்துதான் போகிறார்கள், இரவு ஷிப்ட் முடிந்து இருட்டில். இவர்கள் எல்லாரும் இந்தத் தெருவைக் காலால் அறிந்தவர்கள். இவர்களை விட்டுவிட்டு நடத்தும் கூட்டம், சங்கத் தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொள்ளும் கூட்டமாகத்தான் இருக்கும்.

யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத் தெருவும் மாறும். புதுக்கோட்டையில் நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சைக்கிளும் சேர்ந்துகொண்டது. இங்கே புதுச்சேரியிலும் அந்த நாட்களில் அறிவொளி இயக்கம் நடந்தது, உங்களில் சிலர் அதில் சொல்லிக்கொடுத்தவர்களாகவே இருப்பீர்கள். புதுக்கோட்டையில் குவாரித் தொழிலாளர்கள், செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், அதுவரை சைக்கிளைத் தொட்டே பார்க்காதவர்கள், ஆயிரக்கணக்கில் மிதிக்கக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காத தட்டுப்பாட்டில் ஆண்கள் சைக்கிளை எடுத்தார்கள். எடுத்த பிறகு பலர் அதையே விரும்பினார்கள். முன்னால் பார் இருப்பதால் குழந்தையை உட்கார வைக்கலாம்! எந்த வல்லுநர் யோசித்திருப்பார் இதை? பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சமானது, தண்ணீர் எடுக்கவும் விளைபொருள் விற்கவும் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். சைக்கிள் என்றால் உடற்பயிற்சி என்றோ பொழுதுபோக்கு என்றோ நினைப்பவர்களைக் கேட்டால் கிடைக்கும் தெரு வேறு, இவர்களைக் கேட்டால் கிடைக்கும் தெரு வேறு. நம் தொழிற்பேட்டைக்கு வேண்டியது இரண்டாவது.

மேட்டுப்பாளையத்தில் இதை எப்படிச் செய்வது? என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன், நீங்கள் திருத்துங்கள்.

கூட்டத்துக்கு ஆட்களை வரச்சொல்வதைவிடக் கூட்டம் ஆட்களிடம் போக வேண்டும். ஷிப்ட் விடும் நேரத்தில் கம்பெனி வாசலுக்கு. விடியற்காலையில் பாண்லே பால் பூத்துக்கு. பள்ளி விடும்போது பள்ளி வாசலுக்கு. இரவில் டெர்மினலுக்கு. லாரி டிரைவரிடம் போய், “அண்ணே, ரோட்டோரமா ஏன் நிறுத்துறீங்க?” என்று கேட்டால் அவர் சொல்லுவார். உள்ளே இடமில்லையா, கம்பெனி கேட்டைத் திறக்கக் காத்திருக்கிறாரா, சாப்பிட இறங்கினாரா என்பதைப் பொறுத்துத்தான் தீர்வு. காத்திருப்புதான் காரணம் என்றால் கேட் திறக்கும் நேரத்தை மாற்றினாலே அந்தப் பெண்ணின் சைக்கிளுக்கு வழி கிடைத்துவிடும். அதற்கு ஒரு மூட்டை சிமென்ட்கூட வேண்டியதில்லை.

பிறகு சேர்ந்து நடக்க வேண்டும். ஜே.இ.யையும் அழைத்துக்கொண்டு, ஒரு அளவு டேப்போடு. அவர் அலுவலகத்திலிருந்து வரும் நேரம் வேறு, தெரு கஷ்டப்படும் நேரம் வேறு. ஆகையால் பள்ளி நேரத்தில் ஒரு தடவை, மழை பெய்யும்போது ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012ல் வெளியிட்ட நெறிமுறைப்படி நடைபாதையில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர், அதாவது ஆறடி அகலம் வேண்டும், உயரம் அரை அடியைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் உயர்த்தினால் முதியவர்கள் ஏற மாட்டார்கள், சாலையிலேயே நடப்பார்கள். சக்கர நாற்காலியில் வருபவரையும் அந்த நடைக்கு அழைத்து வாருங்கள். அவர் எந்த இடத்தில் நின்றுவிடுகிறாரோ அங்கே எல்லாம் சுண்ணாம்பால் ஒரு குறி போடுங்கள். அந்தக் குறிகள்தான் எஸ்டிமேட்டின் முதல் பக்கம்.

மூன்றாவது, கட்டுவதற்கு முன் வரைந்து பார்ப்பது. கபடிக்குக் கோடு போடுவதுபோலத் தெருவில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மணல் மூட்டையும் காலி டிரம்மும் வைத்து, இதுதான் சைக்கிள் பாதை, இதுதான் நடைபாதை என்று ஒரு மாதம் ஓட விட வேண்டும். லாரி திரும்ப இடம் போதுமா, ஆம்புலன்ஸ் நுழையுமா, தண்ணீர் லாரி எங்கே நிற்கும் என்பதெல்லாம் அந்த மாதத்தில் தெரிந்துவிடும். தவறாக வைத்த மூட்டையை நகர்த்த இரண்டு பேர் போதும். தவறாகப் போட்ட கான்கிரீட்டை இடிக்க மறுபடி டெண்டர் வேண்டும். பேவர் பிளாக் பதித்து மூன்று மாதத்தில் மின்துறை வந்து தோண்டுவதும், அது முடிந்து குடிநீர்க் குழாய்க்காரர்கள் தோண்டுவதும் நாம் பார்த்துச் சலித்தது. இந்தச் சோதனை மாதத்திலேயே எல்லாத் துறைகளையும் ஒரே தெருவில் நிற்க வைத்துவிட வேண்டும்.

“லாரி போகாமல் தொழில் எப்படி நடக்கும்?” என்று முதலாளிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. லாரியை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தொழிற்பேட்டை இருப்பதால்தான் இங்கே இத்தனை குடும்பங்கள் சாப்பிடுகின்றன. லாரி போகும் வழியும் பள்ளிப்பிள்ளை போகும் வழியும் ஒன்றாக இருக்கிற இடங்களை மட்டும் முதலில் கண்டுபிடிப்போம். அங்கே எது வேகம் குறைய வேண்டும், எந்த நேரத்தில் எது நிற்க வேண்டும் என்று கம்பெனிக்காரர்களையும் வைத்துக்கொண்டே பேசுவோம். அவர்களுடைய தொழிலாளிதான் அந்தச் சைக்கிளில் வருகிறார். அவர் கால் உடைந்தால் அவர்களுடைய இயந்திரமும் நிற்கும்.

எல்லாரையும் கேட்டால் ஒத்துப்போக மாட்டார்கள் என்பது இன்னொரு ஆட்சேபம். உண்மைதான், ஒத்துப்போக மாட்டார்கள். கடைக்காரர் வாசலில் பைக் நிற்க வேண்டும் என்பார், பக்கத்து வீட்டுப் பாட்டி அங்கேதான் நடக்க வேண்டும் என்பார். அந்தச் சண்டை எப்படியும் நடக்கப் போகிறது. கட்டிய பிறகு தினமும் நடப்பதைவிட, கட்டும் முன் ஒரு முறை நடந்து முடியட்டும். எல்லாரும் கேட்டது எல்லாருக்கும் கிடைக்காது. ஆனால் யார் என்ன கேட்டார், எது ஏற்கப்பட்டது, எது மறுக்கப்பட்டது, ஏன் என்று தமிழில் எழுதித் தெருமுனையில் ஒட்ட வேண்டும். கேட்டதோடு விட்டுவிட்டு, என்ன ஆயிற்று என்று சொல்லாமல் போனால் அடுத்த முறை கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள். அதை நம் மக்கள் பலமுறை பார்த்துவிட்டார்கள்.

கடைசியாக ஒரு வேலை. 2005ன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில் குடிமக்கள் யாரும் விண்ணப்பிக்கலாம். வழுதாவூர் சாலைப் பக்கமும் தொழிற்பேட்டைக்குள்ளும் குடியிருப்புத் தெருக்களிலும் இந்த ஆண்டு எந்தெந்தச் சாலைக்கு எஸ்டிமேட் போடப்படுகிறது, அதில் நடைபாதைக்கு எத்தனை அடி, விளக்குக்கு எவ்வளவு, எந்தத் துறையின் பொறுப்பு என்று கேட்போம். டெண்டருக்கு முன்பே கேட்போம். வாசலில் மேசை மேல் தாள் வைத்திருக்கிறோம். போகும்போது உங்கள் வீதியின் பெயரையும், அதில் நீங்கள் தினமும் பயந்து கடக்கிற ஒரே ஓர் இடத்தையும் எழுதிக் கொடுங்கள். எழுத வராதவர்கள் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதித் தருவார்கள். அந்தத் தாள்களை வைத்துத்தான் விண்ணப்பத்தை எழுதப் போகிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு டெர்மினல் வாசலில் அளவு டேப்போடு நிற்போம்.